சுவருக்கும் தலைக்கும் நடுவே மூன்று விரல்

ஜனவரி 8, ஞாயிறு

எங்கள் பால் கூட்டுறவுச் சங்கத்தில் வருடா வருடம் செயலாளருக்கு ஒரு டைரி கொடுப்பார்கள். இத்தனை வருடம் அதில் நான் எழுதியது தீவன வண்டி வரும் தேதியும் மாட்டு டாக்டர் வரும் தேதியும்தான். இந்த வருட டைரி யசோதாவின் முதுகுக்கு.

எழுதச் சொன்னது கோயம்புத்தூர் டாக்டர் அம்மா. காலையில் எழுந்ததும் முதுகு எத்தனை நேரம் இறுகிக் கிடக்கிறது என்று தினமும் குறித்துக்கொண்டு வரவேண்டுமாம். சொன்னது யசோதாவிடம். அவள் என்னைக் கைகாட்டிவிட்டாள். "எழுதறதுக்குன்னே பொறந்தவரு இவருதானுங்க." டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

பத்து வருடமாக இந்த வலி. பிரசவத்துக்கு முதுகில் போட்ட ஊசிதான் காரணம் என்று ஊரே சொன்னது, நாங்களும் நம்பினோம். ஓய்வெடு என்று நான் அதட்டுவேன். படுத்தால் வலி கூடுகிறது, நடந்தால் குறைகிறது என்று அவள் சொல்வாள். வேலை செய்வதற்கு இப்படி ஒரு சாக்கா என்று கேலி செய்திருக்கிறேன். இப்போது பார்த்தால் இந்த நோயின் குணமே அதுதானாம். முதுகெலும்பு மூட்டுகளில் உள்ளுக்குள் அழற்சி வரும் ஒரு வகை வாதம்.

யசோதா பக்கத்து அறையில் ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தபோது டாக்டர் எனக்கு எக்ஸ்ரே படத்தைக் காட்டினார். அடுக்கி வைத்த கட்டைகள் மாதிரி முதுகெலும்பு. ஓரத்தில், ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்குப் புதிதாக எலும்பு வளர்ந்து பாலம் போட ஆரம்பித்திருக்கிறது. எல்லாக் கட்டைகளும் சேர்ந்துவிட்டால் முதுகு ஒரே கம்பு மாதிரி ஆகிவிடும், அப்புறம் குனியவோ நிமிரவோ முடியாது என்றார். அதற்குப் பிறகும் நிறையச் சொன்னார். நான் அந்தப் பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 9, திங்கள்

இறுக்கம் ஒரு மணி பத்து நிமிடம். வெந்நீரில் குளித்ததும் கொஞ்சம் இளகியது. நான்கு வகை மாத்திரை. அதில் பெரிய வெள்ளை மாத்திரை கால்சியம். தொண்டையில் மாட்டுகிறது என்கிறாள்.

ஜனவரி 16, மாட்டுப் பொங்கல்

இறுக்கம் ஒரு மணி நேரம்.

மச்சினன் வீட்டுக்குப் போயிருந்தோம். வாசலிலேயே சொம்பில் மோர் கொடுத்தார்கள். நான் அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். யசோதா வாங்கியவள் பக்கத்தில் வைத்துவிட்டு, தாகமில்லை என்றாள். நல்ல வெயில். உதடு காய்ந்திருந்தது.

திரும்பி வரும்போது வண்டியில் கேட்டேன்.  பஸ் நிறுத்தம் தாண்டியதும்தான் என் முதுகுக்குப் பின்னாலிருந்து, "கழுத்து பொறகால போகமாட்டேங்குதுங்க. அண்ணாந்தா மேலெல்லாம் ஊத்திக்குவேன். அடுத்தவங்க சொம்புல வாய் வெச்சுக் குடிக்க முடியுமா?" என்றாள். மூன்று வருடமாக வெளியிடத்தில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லையாம், அண்ணன் வீட்டில்கூட.

மூன்று வருடம். நானும் எல்லா விசேஷத்துக்கும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். கேனைத் திறந்ததும் பாலில் தண்ணீர் கலந்திருப்பதைச் சொல்லிவிடுவேன் என்று பேர் வாங்கியவன். இது கண்ணில் படவில்லை. அவமானமாக இருந்தது.

ஜனவரி 22, ஞாயிறு

டாக்டர் செய்து காட்டிய சோதனையை வீட்டிலும் ஆரம்பித்துவிட்டேன். குதிகால், முதுகு இரண்டும் சுவரில் ஒட்டியிருக்க நேராக நிற்க வேண்டும். பின்தலைக்கும் சுவருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்க்க வேண்டும். நல்லபடியாக இருப்பவர்களுக்குத் தலை சுவரில் ஒட்டிவிடும். யசோதாவுக்கு என் விரலில் மூன்று.

சமையலறைக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் தேதியும் மூன்று விரலும் குறித்தேன். போன வருடம்தான் வெள்ளை அடித்தோம் என்றாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பார்ப்பது என்று முடிவு.

ஜனவரி 27, வெள்ளி

சங்கத்தில் பால் பரிசோதிக்கும் ரங்கசாமியிடம் எக்ஸ்ரே விஷயத்தைச் சொன்னேன். அவன் கேனைக் கழுவிக்கொண்டே, "வளருதுன்னா அதுக்குத் தீனி போடறது நாமதானுங்ணா" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது.

பால், தயிர், ராகி, முருங்கைக் கீரை. எலும்பு வளர என்னவெல்லாம் சாப்பிடச் சொல்லிப் பள்ளிக்கூடச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்களோ, அத்தனையும் என் வீட்டில் தாராளம். செயலாளர் வீட்டில் பாலுக்கு என்ன பஞ்சம்? வளரக் கூடாத இடத்தில் வளரும் எலும்புக்கு நானே காலையும் மாலையும் ஒரு லிட்டர் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறேன்.

ஜனவரி 28, சனி

யசோதாவுக்கு இன்றுமுதல் வரக்காப்பி. காரணத்தை விளக்கிச் சொன்னேன். "யசோதான்னு பேரு வெச்சுக்கிட்டு எனக்குப் பாலு கெடையாதுங்களா?" என்றாள். அப்புறம் தம்ளரை வாங்கிக்கொண்டாள். இருபத்தொரு வருடமாக நான் விளக்கிச் சொன்னால் அவள் மறுத்ததில்லை. அவ்வளவு நன்றாக விளக்குவேன்.

பிப்ரவரி 6, திங்கள்

ராகிக்களி, முருங்கைக் கீரை, எள்ளுருண்டை மூன்றும் நிறுத்தம். எள்ளுருண்டைக்கு மட்டும் முகம் வாடியது.

பிப்ரவரி 10, வெள்ளி

மருந்துக்கடைக்குப் போய் வந்தேன். மூன்று வகை மாத்திரையும் கிடைத்தது.

பிப்ரவரி 12, ஞாயிறு

மூன்று விரல். இறுக்கம் ஐம்பது நிமிடம்.

வெள்ளை மாத்திரை எங்கே என்று கேட்டாள். டாக்டரிடம் போனில் பேசினேன், அது வேண்டாமாம் என்றேன். தொண்டையில் மாட்டும் தொல்லை விட்டது என்று சந்தோஷப்பட்டாள்.

மார்ச் 19, ஞாயிறு

இரண்டரை விரல்! இரண்டு தடவை வைத்துப் பார்த்தேன். இறுக்கம் முப்பத்தைந்து நிமிடம். பாலம் கட்டுகிற வேலை நின்றுவிட்டது. சிமெண்டு போகாவிட்டால் கொத்தனார் என்ன செய்வார்? அவளிடம் இப்படியே சொன்னேன். மாத்திரை வேலை செய்கிறது போலிருக்கிறது என்றாள். மாத்திரையும்தான் என்று விட்டுக்கொடுத்தேன்.

ஏப்ரல் 19, புதன்

சங்கத்து உறுப்பினர் கருப்பாத்தாளின் கலப்பின மாடு முந்தாநாள் கன்று போட்டது. இன்று காலை தொழுவத்தில் படுத்தது எழவில்லை. தலையை விலாப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கிடந்தது. மாட்டு டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டு நானே போனேன். கன்று ஈன்ற மாட்டுக்கு வரும் பால் காய்ச்சல்தான். கழுத்து நரம்பில் ஒரு பாட்டில் கால்சியம் மெதுவாக ஏற்றினார். அரை மணி நேரத்தில் மாடு எழுந்து நின்று சாணி போட்டது. கருப்பாத்தாள் அழுதுவிட்டாள்.

"பாத்தா கொழுகொழுன்னு இருக்கும். உள்ள இருக்கற சுண்ணாம்புச் சத்து பூராம் பாலுக்குப் போயிருது. வெளிய பாத்து ஒண்ணும் சொல்ல முடியாதுங்க" என்றார் டாக்டர்.

எனக்குத் தெரிந்த விஷயம்தான். மாட்டுக்குக் கால்சியம் கொடுங்கள் என்று சங்கத்துக் கரும்பலகையில் மாதம் ஒரு தடவை நானே எழுதிப் போடுகிறேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். சரியாக இறங்கவில்லை.

ஏப்ரல் 20, வியாழன்

மருந்துக்கடை வரைக்கும் போனேன். மதிய இடைவேளை, பூட்டியிருந்தது. மாலையில் மறுபடி போகலாம் என்று இருந்தேன். போகவில்லை. இரண்டரை விரல் ஆகியிருக்கிறதே.

மே 14, ஞாயிறு

இரண்டரை விரல்தான். இறுக்கம் நாற்பது நிமிடம்.

பின்தலைக்குக் கையைத் தூக்கி வாருவது சிரமமாக இருக்கிறது என்று இப்போதெல்லாம் நான்தான் பின்னல் போட்டு விடுகிறேன். மூன்று கால் பின்னல் வந்துவிட்டது. கொஞ்சம் கோணல். ரங்கசாமிக்குத் தெரிந்தால் சங்கம் சிரிக்கும். மகள் பெங்களூரிலிருந்து வீடியோவில் பார்த்துவிட்டு, அம்மாவுக்கு யார் ஜடை போட்டது, கயிறு திரித்த மாதிரி இருக்கிறது என்றாள்.

நான் உயரம். எதிரே நின்று பேசினால் யசோதாவின் பார்வை என் சட்டையின் மேல் பொத்தானோடு நின்றுவிடுகிறது. அதனால் நான் தலையைத் தாழ்த்திக்கொண்டு பேசுகிறேன். பழகிப்போய் இப்போது சங்கத்திலும் அப்படியே நிற்கிறேன் போலிருக்கிறது. கன்றுக்குட்டியிடம் பேசுகிற மாதிரி பேசுகிறீர்களே என்று கருப்பாத்தாள் கேட்டாள்.

ஜூன் 6, செவ்வாய்

மார்க்கெட்டுக்கு வண்டியில் போனோம். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் புதிதாக வேகத்தடை போட்டிருக்கிறார்கள். கவனிக்கவில்லை. வண்டி ஒரு குதி குதித்தது. பெரிய குதி என்று சொல்ல முடியாது. என் பையில் இருந்த முட்டை ஒன்றுகூட உடையவில்லை. யசோதா, "அம்மா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அப்புறம் வீடு வரைக்கும் என் தோளைப் பிடித்த பிடியை விடவில்லை.

ஜூன் 7, புதன்

படுக்கையில் புரள முடியவில்லை. இது வழக்கமான வலி மாதிரி இல்லை என்கிறாள். நாளைக்குக் கோயம்புத்தூர். கார் சொல்லியிருக்கிறேன். டிரைவரிடம் ஒவ்வொரு வேகத்தடைக்கும் நிறுத்தி ஏற்றச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 8, வியாழன்

நடு முதுகில் ஒரு கட்டை நசுங்கி விரிசல் விட்டிருக்கிறது. நரம்பில் படவில்லை, அதனால் பிழைத்தோம் என்றார் டாக்டர். முட்டை உடையாத குதிக்கு எலும்பு உடைந்திருக்கிறது.

எலும்பு எவ்வளவு கெட்டி என்று அளக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். முதுகில் எடுத்ததில் நன்றாக இருப்பதாக வந்தது. அதை நம்பக் கூடாதாம். புதிதாக வளர்ந்த எலும்பும் கணக்கில் சேர்ந்து ஏமாற்றுமாம். இடுப்பில் எடுத்ததில்தான் உண்மை தெரிந்தது. எலும்பு நிறையக் கரைந்திருக்கிறது. நாற்பத்திரண்டு வயதில் எழுபது வயது எலும்பு.

எலும்பு வளர்கிறது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி இருந்தது.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "ஒரே நோய்தாங்க ரெண்டையும் பண்ணுது. வெளி ஓரத்துல தேவையில்லாம எலும்பு வளருது. அதே சமயத்துல உள்ளுக்குள்ள இருக்கற எலும்பு கரைஞ்சுட்டே போகுது. வளைஞ்சு குடுக்காத எலும்பு, உள்ள பொக்கு. அதான் சின்ன அதிர்ச்சிக்கே உடையுது. ஜனவரியிலயே இதைச் சொன்னனே."

சொல்லியிருப்பார். நான் பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் யசோதாவைப் பார்த்து, கால்சியம் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்டார். "நீங்க குடுத்ததெல்லாம் ஒரு வேளை தவறாம சாப்பிடறனுங்க" என்றாள் யசோதா. அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

ஜூன் 9, வெள்ளி

நான்கு வகை மாத்திரையும் வாங்கி வந்தேன். டாக்டர் மறுபடி எழுதினார் என்று சொன்னேன். வாங்கி விழுங்கினாள்.

ஜூன் 10, சனி

சங்கத்தில் ஒருவர் பாலில் தண்ணீர் இருந்தது. வழக்கம்போலக் கரும்பலகையில் பெயர் எழுத வேண்டும். சாக்குக்கட்டியைக் கையில் எடுத்துவிட்டு எழுதாமல் வைத்துவிட்டேன். ரங்கசாமி என்னையே பார்த்தான். எழுதுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை?

ஜூன் 11, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

முதுகுக்குப் பட்டை கட்டிவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொன்னேன். பிப்ரவரியில் டாக்டரிடம் நான் போனில் பேசவே இல்லை. மருந்துக்கடையில் அந்த ஒரு மாத்திரையை மட்டும் வேண்டாம் என்று சொன்னது நான்தான். எலும்பு வளர்ந்து உன்னை ஒரு கம்பாக்கிவிடும் என்று பயந்துபோய்ச் செய்தேன். கருப்பாத்தாள் மாடு விழுந்தபோதே எனக்கு உறுத்தியது, அப்போதும் வாயைத் திறக்கவில்லை. இருபத்திரண்டு வருடம் பாலில் கலப்படம் பிடித்தவன், உன் மருந்தில் கையை வைத்துவிட்டேன் என்றேன். இந்தக் கடைசி வாக்கியத்தைச் சங்கத்திலிருந்து வரும் வழியிலேயே யோசித்து வைத்திருந்தேன். சொல்லும்போது பாதியில் அழுகை வந்துவிட்டது.

யசோதா கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும், "வெளக்கு சுச்சைப் போட்டுட்டுப் போங்க" என்றாள். பகல் பதினொரு மணி. விளக்கைப் போட்டுவிட்டு வந்தேன்.

சுவரில் அளக்கவில்லை.

ஜூன் 12, திங்கள்

பேசவில்லை. பின்னலுக்குச் சீப்பை எடுத்துக்கொண்டு போனேன். சீப்பை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

ஜூன் 13, செவ்வாய்

பேசவில்லை. நான் செய்த ரசத்தைச் சாப்பிட்டாள். உப்பு அதிகம். அதற்குக்கூட ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 14, புதன்

காலையில் மாத்திரை கொடுக்கும்போது பேசினாள். ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்து எண்ணிப் பார்த்தாள். அப்புறம்தான் பேச்சு.

"பாலு வேண்டாம்னு சொன்னப்ப எங்கிட்டச் சொல்லிட்டுச் செஞ்சீங்க. நானும் சரின்னேன். அது நம்ம ரெண்டு பேரு தப்பு. மாத்திரைய ஏனுங்க ஒளிச்சீங்க?"

நீ சம்மதிக்கமாட்டாய் என்று நினைத்தேன் என்றேன்.

"சம்மதிச்சிருக்க மாட்டேன். டாக்டரக் கேட்டிருப்பேன். இது என்ற முதுகுங்க மாமா. என்னைக் கேக்காம இதுல ஒண்ணும் பண்ணாதீங்க."

சரி என்றேன். அவள் அழவில்லை. நான் நேர்மையாக எழுதுகிறேன்: எனக்கு அவள் அழுதிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு, நாளைக்கு டாக்டரிடம் போய் இதையெல்லாம் அப்படியே சொல்லிவிட்டு வரவேண்டும் என்றாள். நீயும் வருகிறாயா என்று கேட்டேன். செய்தவர்தான் போகவேண்டும் என்றாள்.

ஜூன் 15, வியாழன்

தனியாகப் போய்ச் சொன்னேன். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டுக்குக் காத்திருந்த மாதிரி வெளியே வரிசையில் காத்திருந்தேன்.

டாக்டர் திட்டவில்லை. எலும்பைக் கரைத்தது முக்கியமாக அந்த அழற்சிதான், நான்கு மாதம் கால்சியம் இல்லாததால் மட்டும் முதுகு உடையாது என்றார். எனக்கு மூச்சு வந்தது. அதைப் பார்த்துவிட்டு, ஆனால் கரைகிற எலும்புக்கு வேண்டியதையும் நிறுத்தினீர்கள், அது தப்புதான் என்று சேர்த்துக்கொண்டார். பாலத்துக்குத் தீனி பால் இல்லையாம். பாலைக் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் அது தன் போக்கில் வளருமாம். அழற்சியை அடக்கினால்தான் கரைவது குறையும், வளர்வதும் மெதுவாகும். அதற்கு இனிமேல் இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி. எலும்புக்குத் தனி மருந்து. விரிசல் ஆறியதும் தினமும் உடற்பயிற்சி.

பழையபடி நேராகிவிடுவாளா என்று கேட்டேன். சேர்ந்துவிட்ட எலும்பைப் பிரிக்க முடியாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார்.

வீட்டுக்கு வந்து ஒன்று விடாமல் ஒப்பித்தேன். தப்புதான் என்று சொன்னதையும் சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையணைக்கு அடியிலிருந்து சீப்பை எடுத்து நீட்டினாள். மூன்று நாள் சிக்கு. இழுக்காமல் எடுக்க அரை மணி நேரம் ஆனது.

ஜூன் 25, ஞாயிறு

முதல் ஊசி. ஐஸ் பெட்டியில் வைத்துக் கைக்குழந்தையைத் தூக்கிவருகிற மாதிரி மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். யசோதாவே தொடையில் போட்டுக்கொண்டாள். நான் பார்க்கவில்லை. மாட்டுக்குப் போடுவதைத்தான் பார்ப்பேன்.

ஜூலை 16, ஞாயிறு

இறுக்கம் இருபது நிமிடம். எள்ளுருண்டை பிடித்தேன். உருண்டையாக வரவில்லை, தட்டையாக வந்தது. நான்கு தின்றாள்.

ஜூலை 30, ஞாயிறு

மச்சினன் வந்திருந்தான். யசோதா எழுந்து உட்கார்ந்து பேசினாள். நான் மூன்று பேருக்கும் பால் காய்ச்சி ஆற்றிக் கொண்டுவந்தேன். அவன் வழக்கம்போல அண்ணாந்து ஊற்றிக்கொண்டான். யசோதா தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். அண்ணன் முன்னால் கூச்சம். நான் என் தம்ளரில் வாய் வைத்து, சத்தம் வர உறிஞ்சிக் குடித்தேன். ஐம்பது வயதை நெருங்கும்வரை செய்யாத காரியம். மச்சினன் ஒரு மாதிரி பார்த்தான். யசோதாவும் வாய் வைத்துக் குடிக்க ஆரம்பித்தாள். மேல் உதட்டில் ஆடை ஒட்டியிருந்தது.

அவன் போனபிறகு, அளந்து பார்க்கலாமா என்று அவளே கேட்டாள். முதுகில் விரிசல் விட்ட பிறகு இன்றுதான். சுவரோரம் நின்றாள். மூன்று விரல். மார்ச்சில் இருந்த இரண்டரை இல்லை. மறுபடி வைத்துப் பார்த்தேன். மூன்றேதான். எழுதுங்கள், மூன்று என்றால் மூன்று என்று எழுதுங்கள் என்றாள். எழுதினேன்.

பென்சிலைக் கீழே வைக்கப்போனபோது, "நீங்க நில்லுங்க பாக்கலாம்" என்றாள்.

எனக்கு எதற்கு என்றேன். கேட்கவில்லை. குதிகாலை ஒட்டி, முதுகை ஒட்டி நின்றேன். தலை தானாக ஒட்டும் என்று நினைத்தேன். ஒட்டவில்லை. யசோதா விரலை நுழைத்துப் பார்த்தாள். இரண்டு விரல் போனது.

பயந்துவிட்டேன். எனக்கும் வந்துவிட்டதா என்று கேட்டேன்.

"நோவெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ஒரு வருசமா என்ற மொகத்தப் பாத்துப் பேசறதுக்குன்னு குனிஞ்சே நிக்கறீங்க. அந்தப் பழக்கம்" என்றாள். பிறகு என் நெற்றியில் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தள்ளினாள். தலை சுவரில் போய் ஒட்டியது. அவளால் முடியாதது எனக்கு ஒரு தள்ளலில் முடிந்தது.  கையை எடுத்ததும் தலை தானாக முன்னால் வந்து அவள் முகத்துக்கு நேராக நின்றது.

பென்சிலை வாங்கித் தன் மூன்று விரலுக்குப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். எழுதி முடிக்க வெகுநேரம் ஆனது. எழுதிப் பழக்கம் விட்டவள். தள்ளி நின்று பார்த்தேன். "நாச்சிமுத்து. இரண்டு விரல்."

கல்யாணமாகி இருபத்தொரு வருடத்தில் என் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட என்னைக் கைகாட்டுவாள், மகளைச் சொல்லச் சொல்லுவாள்.

"தப்புப் பண்ணுனவங்க பேரைப் பலகையில எழுதோணுமில்லீங்க" என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதுகு வலிக்கும், சிரிக்காதே என்று நான் சொல்லச் சொல்லச் சிரித்தாள்.

இனி ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் நிற்க வேண்டுமாம்.